கெப் வாகனத்தின் டர்போ அழுத்தத்தை எதைக்கொண்டு கண்காணிப்பது? ஊசி மீற்றர், மின்னணு மீற்றர், ஓபிடி கருவி: ஓர் ஒப்பீடு

திருகோணமலையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கும் கண்டிக்கும் ஓடுகிற கெப் வாகனங்களின் உரிமையாளர்கள் சிலர் அண்மைக் காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு வடிவில் கேட்டு வருகிறார்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் மீற்றர் ஒன்றைப் பொருத்த நினைக்கிறார்கள். ஆனால் ஊசி வைத்த பழைய வகையா, சென்சருடன் வரும் மின்னணு வகையா, அல்லது வாகனக் கணினியின் தகவலைப் படிப்பதற்கான ஓபிடி முனையில் செருகித் தொலைபேசியில் பார்க்கும் சிறு கருவியே போதுமா என்பதில் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டால் தன்னிடம் எது இருக்கிறதோ அதுதான் நல்லது என்பார். கராஜில் கேட்டால், "தம்பி, இதுக்கெல்லாம் மீற்றர் எதுக்கு? புகையைப் பார்த்தாலே நான் சொல்லிப்போடுவன்" என்ற பதில் வரும்.

புகையைப் பார்த்துச் சொல்வதில் எனக்கு முழு நம்பிக்கை இருந்த காலமும் உண்டு. பிறகு என் டபிள் கெப்பே மாத்தளை ஏற்றத்தில் சுமையோடு கறுப்புப் புகை கக்கத் தொடங்கியது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. ஒரு கராஜில் டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, கணிசமான தொகை ஒன்றையும் வாங்கிக்கொண்டார்கள். புகை அப்படியே இருந்தது. கடைசியில் நண்பர் ஒருவரின் ஊசி மீற்றரை இரவலாக வாங்கி, நீண்ட ஹோஸ் ஒன்றால் தற்காலிகமாக இணைத்து, கந்தளாய் வரை ஓட்டிப் பார்த்தேன். ஊசி 10 பிஎஸ்ஐயை (அழுத்தத்தின் ஓர் அலகு) தாண்ட மறுத்தது. டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் இறப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்குச் சற்று உள்ளே, விரல் நக நீளத்துக்கு ஒரு கிழிசல் இருந்தது. கையால் தடவினால் தெரியாது. ஹோஸை வளைத்தால் மட்டும் வாய் திறந்தது. அதைச் சுற்றிப் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்திருந்ததுதான் ஒரே தடயம். ஹோஸை மாற்றிய பின் அதே சாலையில், அதே கியரில், ஊசி 16இல் போய் நின்றது.

இந்தக் கோளாறு பல மாதங்கள் கண்ணில் படாமல் இருந்ததற்கு எங்கள் ஊரின் நில அமைப்பும் ஒரு காரணம். உப்புவெளி, நிலாவெளி, கிண்ணியா, மூதூர் என்று எந்தப் பக்கம் ஓடினாலும் தரை பெரும்பாலும் சமதளமே. வெறும் வண்டியைச் சமதரையில் ஓட்டும்போது டர்போவுக்கு வேலை குறைவு. அழுத்தம் சொற்பமாகவே எழும். கசிவு இருந்தாலும் தெரியாது. டீசல் எஞ்சினில் டர்போ அழுத்தம் சுமையோடு சேர்ந்து வருவது. நின்ற இடத்தில் அக்சிலரேட்டரை மிதித்துப் பார்த்தால் ஊசி சிறிதளவே அசையும். அதை வைத்து டர்போ போய்விட்டது என்றோ, நன்றாக இருக்கிறது என்றோ முடிவு சொல்பவரை நம்ப வேண்டாம். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யும் புகைப் பரிசோதனையும் வண்டியை நிறுத்தி வைத்தே நடப்பதால், அதில் தேறிவிட்டோம் என்பது சுமையோடு ஏற்றம் ஏறும்போது என்ன நடக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

## அளக்கப்படுவது எது

தெரிவுகளுக்குள் போகுமுன் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். ஏனென்றால் இரண்டு கருவிகளை ஒப்பிடும் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தமே ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல், அதாவது 14.7 பிஎஸ்ஐ. ஊசி மீற்றர் அந்த அளவைப் பூச்சியமாக வைத்துக்கொண்டு, அதற்கு மேலுள்ளதை மட்டுமே காட்டும். ஓபிடி கருவி படிக்கும் வாகனத்தின் சொந்த சென்சரோ முழு வெற்றிடத்தைப் பூச்சியமாகக் கொண்டு மொத்த அழுத்தத்தையும் அளக்கும். எனவே ஊசி மீற்றர் 100 கிலோபாஸ்கல், அதாவது 1 பார் அல்லது 14.5 பிஎஸ்ஐ காட்டும் அதே கணத்தில் ஓபிடி கருவி 200ஐ ஒட்டிக் காட்டினால், இரண்டும் சரியே.

சாதாரணமாக, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் டீசல் கெப் ஒன்றில் முழுச் சுமையில் 10 முதல் 20 பிஎஸ்ஐ வரை எதிர்பார்க்கலாம். இதற்குமேல் துல்லியமான எண்ணை வாகனத்தின் கையேடோ, நல்ல நிலையிலுள்ள அதே வகை வாகனமோதான் தர முடியும். எண் வழக்கத்தைவிடக் குறைந்தால் ஹோஸ் கிழிவு, கிளிப் தளர்வு, அடைபட்ட எயார் பில்டர், மூடாமல் நிற்கும் வேஸ்ட்கேட் (அழுத்தம் மிகாதபடி டர்போவைச் சுழற்றும் புகையை விலக்கிவிடும் கதவு) ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். கூடினால், வேஸ்ட்கேட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். புகை பாயும் வழியைச் சுருக்கி விரிக்கும் மாறும் இதழ் கொண்ட டர்போவாயின் இதழ்கள் கரி படிந்து இறுகியிருக்கலாம். மேலாகப் போவதே நல்லது என்று மகிழ்பவர்கள் இந்த இரண்டாவது பட்டியலை மறந்துவிடுகிறார்கள்.

## எவற்றை வைத்து முடிவெடுப்பது

முதலாவதும் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானதும் எஞ்சினின் வகை. டொயோட்டாவின் 3எல், 5எல் எஞ்சின் உள்ள ஹைலக்ஸ்களில் டர்போவே கிடையாது. அவற்றுக்கு மீற்றர் தேடுபவரையும் நான் கண்டிருக்கிறேன். டர்போ உள்ளவற்றில், 2எல்-டி அல்லது மிட்சுபிஷியின் பழைய 4டி56 போன்று இயந்திர டீசல் பம்ப்பில் ஓடுபவை ஒரு பக்கம். 2கேடி, 1கேடி, நிசானின் வைடி25, இசுசுவின் 4ஜேஜே1 போன்று கணினி கட்டுப்படுத்தும் கொமன் ரெயில் எஞ்சின்கள் மறு பக்கம். முதல் பக்கத்தவருக்கு ஓபிடி கருவி என்ற தெரிவே இல்லை.

இரண்டாவது, நோக்கம். ஒரு கோளாற்றை ஒரு தடவை கண்டுபிடிப்பதற்கும், நாள்தோறும் ஓடும் வண்டியை ஆண்டுக்கணக்கில் கவனிப்பதற்கும் ஒரே கருவி பொருந்தாது. மூன்றாவது, எங்கள் கரையோரத்தின் காற்று. உப்பு கலந்த ஈரம் மின் இணைப்பு முனைகளைப் பச்சை பூக்க வைத்துவிடும். ஆனி, ஆடியில் கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் நாட்களில் மத்தியான வெயிலில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்ட்டில் கை வைக்க முடியாது. புல்மோட்டைப் பக்கத்து மணல் தூசி எந்த இடுக்கிலும் புகும். நான்காவது, பொருத்தும் கூலி, துளையிடுதல், பின்னர் கழற்றும்போது மிஞ்சும் தழும்பு ஆகிய எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவு. கடைசியாக, வண்டியை ஓட்டுபவர் யார் என்பது. உரிமையாளரே ஓட்டும் வண்டிக்கும் சம்பளத்துக்குச் சாரதி வைத்த வண்டிக்கும் ஒரே பரிந்துரையைச் சொல்ல முடியாது.

## முதல் தெரிவு: ஊசி வைத்த இயந்திர மீற்றர்

இதற்குள் இருப்பது 1849இல் பிரெஞ்சுப் பொறியியலாளர் யூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற அதே தத்துவம்: தட்டையாக்கி வளைத்த ஒரு மெல்லிய உலோகக் குழாய், உள்ளே அழுத்தம் ஏறும்போது நிமிர முயல்கிறது, அந்த அசைவைச் சிறு பற்சக்கரம் ஊசிக்குக் கடத்துகிறது. மின்சாரம் வேண்டியது முகப்பு விளக்குக்கு மட்டும். பற்றரி இறங்கினாலும் பியூஸ் போனாலும் ஊசி தன் வேலையைச் செய்யும். சாரதி அக்சிலரேட்டரை மிதித்தவுடன் ஊசி எழுவதைக் கண்ணால் பின்தொடர முடிவது இதன் பெரிய பலம். டர்போ விழித்துக்கொள்வதற்கு எடுக்கும் நேரத்தையும், உச்சத்தை எட்டிய பின் அழுத்தம் நிலைத்து நிற்கிறதா, மெல்லச் சரிகிறதா என்பதையும் இதைப் போல வேறெதுவும் காட்டாது.

மறைந்திருக்கும் செலவுகள் ஹோஸில்தான் ஆரம்பிக்கின்றன. எஞ்சின் அறையிலிருந்து டேஷ்போர்ட் வரை ஒரு காற்றுக் குழாய் வர வேண்டும். அதற்காக நடுத் தகட்டில் துளை போட்டால், துளையின் விளிம்பில் இறப்பர் வளையம் வைக்காவிட்டால் அதிர்வில் குழாய் அறுபடும். மீற்றருடன் பெட்டியில் வரும் மலிவான நைலோன் குழாய், டர்போவுக்கு அருகே ஒரு சாண் தூரத்தில் போனாலே சில மாதங்களில் மஞ்சளாகி, தொட்டால் நொறுங்கும். கிராங்க் அறையிலிருந்து காற்றோடு கலந்து வரும் எண்ணெய் ஆவி குழாயின் தாழ்ந்த பகுதியில் தேங்கும். அதனால் குழாய் வழிநெடுக மேல்நோக்கியே ஏறுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசி நடுங்கினால் குழாயில் ஒரு சிறு தணிப்பான் வைக்க வேண்டும். அது இல்லாமல் விற்கப்படும் மீற்றர்களின் ஊசி அதிர்ந்து அதிர்ந்து உள்ளிருக்கும் பற்களையே தேய்த்துவிடும்.

இயந்திர பம்ப் உள்ள எஞ்சின்களில் இன்னும் ஒரு பொறி இருக்கிறது. அழுத்தம் ஏறுவதற்கு ஏற்ப டீசலைக் கூட்டிக் கொடுக்குமாறு பம்ப்பின் தலைக்கு ஒரு சிறு ஹோஸ் போகும். மீற்றருக்கு டி வடிவ இணைப்பை அந்த ஹோஸில் போடுவது மிக எளிது என்பதால் பெரும்பாலான கராஜ்களில் அப்படியே செய்கிறார்கள். அந்த இணைப்போ, மீற்றரின் குழாயோ பின்னர் கசிந்தால், டர்போ நன்றாக இருந்தும் பம்ப்புக்கு அழுத்தம் போய்ச் சேராது; டீசல் குறையும்; வண்டி இழுக்காது, புகையும் வராது. மீற்றர் வைத்ததால் வந்த கோளாற்றை அந்த மீற்றரே குறைந்த அழுத்தம் என்று காட்டும். வேறு இடம் கிடைத்தால் அங்கே எடுப்பதே நல்லது. கிடைக்காவிட்டால் பித்தளை இணைப்பும் நல்ல கிளிப்பும் போட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஹோஸைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும்.

வாங்கும்போது முகப்பையும் கவனியுங்கள். பெற்றோல் கார்களுக்கான மீற்றரில் பூச்சியத்துக்கு இடப்பக்கம் வெற்றிட அளவு இருக்கும். டீசல் எஞ்சினில் அந்தப் பாதி முகப்புக்குப் பெரும்பாலும் வேலையில்லை. பூச்சியத்திலிருந்து 30 பிஎஸ்ஐ வரை காட்டும் முகப்பே கெப் வாகனத்துக்குப் பொருந்தும்.

## இரண்டாம் தெரிவு: சென்சருடன் கூடிய மின்னணு மீற்றர்

இங்கே காற்றுக் குழாய் எஞ்சின் அறையோடு நின்றுவிடுகிறது. அழுத்தத்தைச் சிறு சென்சர் ஒன்று மின்னழுத்தமாக மாற்ற, மூன்று வயர்கள் மட்டும் உள்ளே வருகின்றன. எண்ணெய்ப் பிசுக்கு உள்ளறைக்கு வராது. மீற்றரை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். நல்லவற்றில் உச்ச அழுத்தத்தை நினைவில் வைக்கும் வசதியும், குறித்த அளவைத் தாண்டினால் ஒலி எழுப்பும் வசதியும் உண்டு. இந்த இரண்டு வசதிகளுக்காகவே சிலருக்கு இது தேவைப்படுகிறது. சாரதி கண்டிக்குப் போய்த் திரும்பிய பின், வண்டியில் ஏறி உச்ச அழுத்தம் எவ்வளவு போயிற்று என்று உரிமையாளர் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் திருகோணமலையில் இதன் எதிரி உப்பு. சென்சரின் இணைப்புமுனை அடைப்பு நல்லதாக இல்லாவிட்டால், ஒரு வாடைக் காலம் முடிவதற்குள் முனைகளில் பச்சை பிடித்து, எண் தாறுமாறாகத் துள்ளத் தொடங்கும். மீன் பெட்டிகளிலிருந்து உருகும் உப்பு ஐஸ் நீர் தட்டில் வழிந்து வண்டியின் கீழ்ப்பகுதி முழுவதையும் நனைப்பதை நாள்தோறும் பார்க்கிறோம். வயரை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சென்சரை எஞ்சின் மீதே முறுக்கி வைப்பதும் தவறு. வெப்பமும் அதிர்வும் அதன் ஆயுளைக் குடித்துவிடும். பக்கத் தகட்டில் பொருத்தி, வாய் கீழ்நோக்கி இருக்குமாறு திருப்பி, குட்டையான தரமான ஹோஸ் ஒன்றால் இணைத்தால் எண்ணெய் தேங்காது.

இதற்கு ஒரு நல்ல குணம் உண்டு: சந்தேகம் வந்தால் மல்டிமீற்றர் கொண்டு சோதித்துவிடலாம். இத்தகைய சென்சர்கள் பல 5 வோல்ட் மின்னழுத்தத்தில் இயங்கி, அழுத்தம் இல்லாதபோது 0.5 வோல்ட்டும், உச்சத்தில் 4.5 வோல்ட்டும் தருபவை. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, சமிக்ஞை வயரில் 0.5 இருக்கிறதா என்று பார்த்தால் கோளாறு சென்சரிலா, முகப்பிலா என்று தெரிந்துவிடும். பெட்டியில் இந்த அளவுகள் எதுவும் அச்சிடப்படாத மலிவுச் சரக்கை வாங்கினால், சென்சர் பழுதாகும் நாளில் முழு மீற்றரையும் எறிய வேண்டியதுதான். மாற்று சென்சர் தனியாகக் கிடைக்காது. என் அனுபவத்தில், இந்த மலிவுச் சரக்கைவிட அதே விலையிலுள்ள ஊசி மீற்றர் பல மடங்கு நம்பகமானது.

சென்சரை மிச்சம் பிடிப்பதற்காக வாகனத்தின் சொந்த அழுத்த சென்சரின் வயரை உரித்து அதிலிருந்தே சமிக்ஞை எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அந்த வயரையும் நம்பித்தான் எஞ்சின் கணினி டீசலை அளக்கிறது.

## மூன்றாம் தெரிவு: ஓபிடி கருவியும் தொலைபேசிச் செயலியும்

கொமன் ரெயில் எஞ்சின் வைத்திருப்பவருக்கு இதுவே மிக மலிவான நுழைவாயில். சாரதியின் முழங்காலுக்கு மேலே உள்ள 16 முனைச் செருகியில் சிறு கருவியைச் செருகி, புளூடூத் வழியாகத் தொலைபேசியில் செயலியைத் திறந்தால் போதும்; துளையும் இல்லை, ஹோஸும் இல்லை. அழுத்தத்தோடு குளிர்நீர் வெப்பம், எஞ்சின் சுற்று, உள்வரும் காற்றின் வெப்பம், பதிவான பிழைக் குறியீடுகள் எல்லாவற்றையும் பார்க்கலாம். அழுத்தம் குறைவு என்றால் பி0299, மிகை என்றால் பி0234 என்ற குறியீடு பதிவாகும். ஓடியதைப் பதிவு செய்து வீட்டில் இருந்து வரைபடமாகப் பார்ப்பது மற்ற இரண்டிலும் இல்லாத வசதி.

செருகி இருப்பதாலேயே வாகனம் பேசும் என்று எண்ணிவிடக் கூடாது. எந்த நிறுவனத்தின் வாகனமும் கருவியோடு பேசுவதற்கான ஓபிடி என்ற பொது மொழி அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் டீசல் கார்களுக்கு 2004ஐ ஒட்டியும் கட்டாயமாக்கப்பட்டது. மற்றச் சந்தைகளுக்கென்று தயாரான பல கெப்களில் அதே வடிவச் செருகி இருந்தும், உற்பத்தியாளரின் சொந்த மொழியை மட்டுமே அறிந்தவை உண்டு. ஆகவே கருவியை வாங்குமுன் கடைக்காரரின் கருவியை உங்கள் வண்டியில் ஒரு தடவை செருகிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது வரம்பு எண்ணில் இருக்கிறது. பொது மொழியில் அழுத்தத்துக்கான வழமையான இடம் ஒரே ஒரு பைட் (0 முதல் 255 வரையான எண்ணை மட்டுமே வைக்கக்கூடிய கணினி அலகு); அதனால் 255 கிலோபாஸ்கலுக்கு மேல் அதனால் எண்ண முடியாது. வளிமண்டலத்தைக் கழித்தால் ஏறத்தாழ 22 பிஎஸ்ஐ. பெரும்பாலான பழைய கெப்களுக்கு இது போதும். ஆனால் கணினியை மாற்றி வலுக் கூட்டிய வண்டியில் செயலி 255இல் ஒட்டிக்கொண்டு நிற்க, உண்மை அழுத்தம் அதற்கும் மேலே போய்க்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது, வேகம். பழைய வகைத் தொடர்பில் நொடிக்கு 10,400 பிட் மட்டுமே போகும். திரையில் ஆறேழு அளவுகளை வைத்தால் ஒவ்வொன்றும் புதுப்பிக்கப்பட ஒரு நொடிக்கும் மேலாகும். புதிய வகையான கேன் தொடர்பில் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது.

நான்காவதும் ஆழமானதுமான குறை: இந்தக் கருவி தானாக எதையும் அளப்பதில்லை, எஞ்சின் கணினி நம்புவதையே உங்களுக்கும் சொல்கிறது. வாகனத்தின் சென்சரில் கரியும் எண்ணெயும் படிந்து அது பொய் சொன்னால், கணினியும் ஏமாறும், நீங்களும் ஏமாறுவீர்கள். இதற்குக் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். உள்ளே இருப்பது வெறும் வளிமண்டலம். திருகோணமலைக் கடற்கரையில் செயலி 100 அல்லது 101 காட்ட வேண்டும். 90 அல்லது 112 காட்டினால், வேறு எதையும் ஆராயுமுன் சென்சரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

மலைநாட்டுக்கு ஓடுபவர்கள் இங்கே இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளிமண்டல அழுத்தமே ஏறத்தாழ 81 கிலோபாஸ்கலாகக் குறைந்துவிடும். சில செயலிகள் எங்கும் 101ஐயே கழிப்பதால், இறம்பொடை ஏறி மேலே போகப் போக, டர்போ அழுத்தத்தை ஏறத்தாழ 3 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டி வீண் பயத்தைத் தரும். வளிமண்டல அளவையும் வாகனத்திலிருந்தே வாங்கிக் கழிக்கும்படி செயலியின் அமைப்பில் மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள்.

சிறு செலவுகளும் உண்டு. செருகியின் ஒரு முனைக்குச் சாவியை எடுத்த பின்னும் பற்றரியிலிருந்து மின் வருவதால், கருவியைச் செருகியபடியே வாரக்கணக்கில் நிறுத்தினால் பற்றரி இறங்கும். வெயிலில் தொலைபேசி சூடாகித் தானே அணைந்துவிடும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண புளூடூத் கருவிகள் பல வேலை செய்வதில்லை. வைபை வகையோ, ஐபோனுக்கு ஏற்றதென்று குறிப்பிட்ட புளூடூத் வகையோ கேட்டு வாங்க வேண்டும். ஓட்டும்போது அழைப்பும் செய்தியும் அதே திரையில் வந்து விழுவது எனக்கு மிகவும் பிடிக்காத அம்சம்.

## நான்காம் தெரிவு: எதையும் பொருத்தாமல் சோதிப்பது

இதை யாரும் விற்பதில்லை என்பதால் யாரும் சொல்வதுமில்லை. வண்டி முன்போல் இழுக்கவில்லை என்பது மட்டுமே உங்கள் பிரச்சினை என்றால், தற்காலிகமாக ஒரு ஊசி மீற்றரை இணைத்து, ஜன்னல் வழியாகக் குழாயை உள்ளே விட்டு, பக்கத்து இருக்கையில் ஒருவரை அமர்த்தி எண்ணைப் படிக்கச் சொல்லி ஓட்டிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். கசிவு என்று தெரிந்தால், டர்போவின் காற்று வாயை அடைத்து, 10 பிஎஸ்ஐக்கு மேற்படாமல் கம்பிரஸர் காற்றைச் செலுத்தி, ஹோஸ்களின் மேல் சவர்க்கார நீரைத் தடவினால், கிழிந்த இடம் நுரை தள்ளும். என் வண்டியில் இன்ஜெக்டர்களைக் கழற்றுமுன் இந்த அரை மணி நேர வேலையைச் செய்திருந்தால் அந்தச் செலவு முழுவதும் மிஞ்சியிருக்கும்.

## பக்கத்தில் பக்கம் வைத்தால்

| அளவுகோல் | ஊசி மீற்றர் | மின்னணு மீற்றர் | ஓபிடி கருவி |
|---|---|---|---|
| இயந்திர பம்ப் எஞ்சின் | பொருந்தும் | பொருந்தும் | பொருந்தாது |
| கொமன் ரெயில் எஞ்சின் | பொருந்தும் | பொருந்தும் | மொழி ஒத்தால் பொருந்தும் |
| ஊசி எழும் வேகம் | மிக நன்று | நன்று | தொடர்பின் வகையைப் பொறுத்தது |
| உப்புக் காற்று | பெரிதாகப் பாதிக்காது | இணைப்புமுனை பாதிக்கப்படும் | உள்ளறையில் இருப்பதால் பாதுகாப்பு |
| வெப்பம் | நைலோன் குழாய் நொறுங்கும் | சென்சரை வைக்கும் இடம் முக்கியம் | தொலைபேசி சூடாகும் |
| உச்ச அளவு நினைவு, எச்சரிக்கை | இல்லை | நல்லவற்றில் உண்டு | செயலியில் உண்டு |
| பொருத்தும் கூலி | நடுத்தரம் | கூடுதல் | இல்லை |
| கழற்றினால் மிஞ்சும் தழும்பு | துளை, டி இணைப்பு | துளை, டி இணைப்பு, வயர் | எதுவும் இல்லை |

## எந்த வண்டிக்கு எது

இயந்திர பம்ப்புடன் ஓடும் பழைய கெப்பை நீங்களே ஓட்டுபவராயின், ஊசி மீற்றரே போதும். மீற்றரில் மிச்சம் பிடித்து, நல்ல ஹோஸுக்கும் பித்தளை இணைப்புக்கும் அந்தப் பணத்தைக் கொடுங்கள். கொமன் ரெயில் வண்டி, பெரும்பாலும் நகருக்குள் அல்லது கிண்ணியா, மூதூர் வரை மட்டும் ஓடுவது என்றால் நிரந்தர மீற்றர் எதுவும் தேவையில்லை. ஓபிடி கருவி ஒன்றை வாங்கி முன்பெட்டியில் வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு தடவை செருகிப் பார்த்தால் போதும். அதே வண்டி வாரத்துக்கு மூன்று நாள் சுமையோடு மலைநாட்டுக்கு ஏறுகிறது என்றால், ஓபிடி கருவியில் ஒரு மாதம் பார்த்து வழமையான எண்ணை அறிந்துகொண்ட பின், ஊசி மீற்றரையோ நல்ல மின்னணு மீற்றரையோ நிரந்தரமாகப் பொருத்துவது தகும்.

சாரதி ஓட்டும் வண்டிக்கு மின்னணு மீற்றர்தான், அதிலும் எச்சரிக்கை ஒலியும் உச்ச நினைவும் உள்ளது. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு ஓட்டச் சொல்வது சாரதிக்கும் நல்லதல்ல, ஊசியை நாள்முழுக்கக் கவனிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் அல்ல. உத்தரவாதக் காலம் முடியாத புதிய வண்டியில் துளையோ டி இணைப்போ வேண்டாம்; ஓபிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கணினியை மாற்றி வலுக் கூட்டியவர்களுக்கு டர்போ அழுத்தத்தைவிட வெளியேறும் புகையின் வெப்பமே முதலில் அறிய வேண்டியது. அவர்கள் ஒரு மீற்றருக்கு மட்டுமே பணம் வைத்திருந்தால் வெப்ப மீற்றரை வாங்கட்டும்.

## எங்கே குழாய் எடுப்பது, முதல் நாளில் என்ன செய்வது

ஊசியோ மின்னணுவோ, காற்றை எஞ்சினின் உள்வாய்க்கு அருகில், இன்டர்கூலருக்குப் பிறகு எடுக்க வேண்டும். டர்போவின் வாயிலேயே எடுத்தால் எண் சற்றுக் கூடுதலாக வரும். அடைபட்ட இன்டர்கூலர் இழக்கும் அழுத்தம் உங்கள் கண்ணில் படாமலே போகும். மாறும் இதழ் கொண்ட டர்போ சிலவற்றை இயக்குவது வெற்றிடம். அந்த மெல்லிய குழாய்களில் ஒன்றைத் தவறுதலாக வெட்டி டி போட்டால் இதழ்கள் தம் இஷ்டத்துக்கு நிற்கும். குழாய் எங்கே போகிறது என்று விரலால் பின்தொடர்ந்து பார்க்காமல் எதையும் வெட்ட விடாதீர்கள்.

பொருத்திய முதல் நாளிலேயே, எயார் பில்டரைச் சுத்தம் செய்து, வழக்கமான சுமையை ஏற்றிக்கொண்டு, போக்குவரத்துக் குறைந்த நேரத்தில் கந்தளாய்ச் சாலையின் நேரான பகுதி ஒன்றுக்குப் போங்கள். மூன்றாம் கியரில், நிமிடத்துக்கு 1,500 சுற்றிலிருந்து அக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து 3,000 வரை விட்டு, உச்ச எண்ணையும் அது எந்தச் சுற்றில் வந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவையும் அதே இடம், அதே கியர், அதே சுமை. நான் அந்த எண்களைச் சாரதி பக்கத்து வெயில் மறைப்பின் பின்புறத்தில் மார்க்கரால் எழுதி வைக்கிறேன். இப்போது அங்கே மூன்று வரிகள் இருக்கின்றன: முதலாவதில் 10, இரண்டாவதில் 16, போன ஆடியில் எழுதிய மூன்றாவதில் 15. அந்த ஒரு பிஎஸ்ஐ எயார் பில்டரிலா, கச்சான் சூட்டிலா போயிற்று என்பதை வாடை தொடங்கியதும் அதே இடத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.